குடியேறியவரை ஆராய்வதென்றால் அவரைப் பார்ப்பவரையும் ஆராய வேண்டும்

கோயம்புத்தூரில் உளவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். வேறு நாடுகளில் குடியேறியோரின் அடையாளத்தைச் சமூக உளவியல் நோக்கில் ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொள்ள முடியுமா, முடியுமென்றால் அதற்கான வழி எது, அதற்கு வெளிநாடு சென்றே தீர வேண்டுமா என்று கேட்கிறார். கனடாவில் பல ஆண்டுகளாக இதே துறையில் ஆய்வும் கற்பித்தலும் செய்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை, முடியும் என்பதுதான். ஆனால் படிப்பு, உதவித்தொகை, வேலை என்று பேசத் தொடங்குவதற்கு முன் இத்துறை எதை ஆராய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர், "குடியேறியவர்கள் தங்கள் அடையாளத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்" என்பதைத் தம் ஆய்வுக் கேள்வியாக எழுதுகிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே அடையாளம் முழுமையாக உருவாகிவிட்டது, போன இடத்தில் அது தேயாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே ஆய்வு என்னும் எண்ணம் அதில் இருக்கிறது. இத்துறை கடந்த அரை நூற்றாண்டில் கண்டறிந்தவற்றில் முக்கியமானது இதற்கு நேர்மாறானது. குடியேறியவர் யார் என்பது அவருக்கும் அவரைப் பார்ப்பவர்களுக்கும் இடையில்தான் தீர்மானமாகிறது. இதை உள்வாங்கிக்கொண்டவர் செய்யும் ஆய்வும், உள்வாங்காதவர் செய்யும் ஆய்வும் ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்தினாலும் வேறு வேறாகவே அமையும்.

இந்தப் பார்வையின் வேரில் ஒரு புலம்பெயர்ந்தவரின் வாழ்க்கையே இருக்கிறது. ஹென்றி தாஜ்ஃபெல் 1919-ல் போலந்தின் வ்வொஸ்வாவெக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க் கைதியாகப் பிடிபட்ட அவர், தாம் போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சுப் படைவீரராகவே முகாம்களில் இருந்து உயிர் தப்பினார். திரும்பி வந்து பார்த்தபோது குடும்பத்தாரில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. காவலர்களோடு அவர் எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும், அவர் யார் என்பது தெரிந்திருந்தால் அந்தப் பழக்கத்துக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது. போருக்குப் பின் ஏதிலிகளுக்கான நிவாரணப் பணிகளில் ஈடுபட்டு, பிரிட்டனில் குடியேறி, முப்பது வயதைக் கடந்தபின் உளவியல் பட்டம் பெற்று, 1967-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அவரும் அவருடைய குழுவினரும் செய்து 1971-ல் வெளியிட்ட ஆய்வுகள் பாடநூல்களில் இடம்பெற்றவை. பள்ளிச் சிறுவர்களை, கிளே என்னும் ஓவியரை விரும்புவோர், காண்டின்ஸ்கியை விரும்புவோர் என்று இரண்டு குழுக்களாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அது குருட்டாம்போக்கான பிரிவு. தம் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட ஒரு சிறுவனுக்கும் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்குச் சாதகமாகவே பங்கிட்டார்கள். தம் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற போக்கும் தென்பட்டது. மனிதர் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பில் ஒரு பகுதி தாம் சேர்ந்த குழுவின் மதிப்பிலிருந்து வருகிறது என்ற கோட்பாட்டை, ஜான் டர்னரோடு சேர்ந்து 1979-ல் அவர் முழுமையாக முன்வைத்தார். குடியேறியோரை ஆராயும் எவரும் தொடங்கும் இடம் இதுதான்.

இரண்டாவது தொடக்கம் கனடாவிலிருந்து வந்தது. கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பெர்ரி, குடியேறியவர் முன்னால் இரண்டு கேள்விகள் இருப்பதாகக் கருதினார். பிறந்த பண்பாட்டைத் தக்கவைத்துக்கொள்வதா என்பது ஒன்று, புகுந்த சமூகத்தோடு கலந்து பழகுவதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆம் என்றால் ஒருங்கிணைவு. முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் ஏற்றால் கரைந்துபோதல். முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டால் ஒதுங்கியிருத்தல். இரண்டும் இல்லையென்றால் விளிம்பில் நிற்றல். அதற்கு முன் இருந்த எண்ணத்தில் பிறந்த பண்பாடும் புகுந்த சமூகமும் ஒரே கோட்டின் இரு முனைகள். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். அவற்றை இரண்டு தனித்தனி அச்சுகளாகப் பிரித்துக் காட்டியதே பெர்ரியின் முக்கியப் பங்களிப்பு என்பேன். அவர் ஜீன் ஃபின்னி, டேவிட் சாம், பால் வெடர் ஆகியோரோடு சேர்ந்து 13 நாடுகளில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 13 முதல் 18 வயது வரையிலான 5,000-க்கும் மேற்பட்ட இளையோர் பங்கேற்றார்கள். அவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் ஒருங்கிணைவு வகையில் இருந்தார்கள், மனநலத்திலும் பள்ளி வாழ்க்கையிலும் அவர்களே பொதுவாக நல்ல நிலையில் இருந்தார்கள்.

இந்த நால்வகைக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலர் ஆய்வேடுகள் எழுதிவிட்டார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கலந்து பழகுவதா வேண்டாமா என்பது குடியேறியவர் மட்டும் எடுக்கும் முடிவன்று. வீடு வாடகைக்குத் தர மறுக்கும் ஊரில் ஒருவர் ஒதுங்கி வாழ்வதை அவருடைய உத்தி என்று பெயரிட்டு அட்டவணையில் போடுவது தவறு. பெர்ரியே இதை அறிந்திருந்தார். ருடால்ஃப் காலின், டொனால்ட் டெய்லர் ஆகியோரோடு அவர் 1977-ல் வெளியிட்ட ஆய்வு, பல பண்பாட்டுக் கொள்கையைப் பற்றிக் கனடாவின் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியது. பிரதமர் பியேர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் அக்கொள்கையை அறிவித்தது 1971 அக்டோபரில். அது அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, வந்தவர்களை விட்டு, ஏற்றுக்கொள்ள வேண்டியவர்களிடம் கேள்விகளோடு போனார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதியை மறந்துவிட்டுப் பெர்ரியின் நான்கு கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர்களிடம் நான் முதன்முதலாக எடுத்துச் சென்ற கேள்வித்தாளில், இன அடையாளத்தை அளக்கும் ஒரு வாக்கியத்தை, "என் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு" என்று மொழிபெயர்த்திருந்தோம். நடைமுறைப்படி வேறொருவரைக் கொண்டு அதை மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்த்தோம், மூலத்தோடு சரியாகவே பொருந்தியது. ஆனால் களத்தில் சிலர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு விடையளிக்கத் தயங்கினார்கள், ஒருவர் கோபத்தோடு தாளைத் திருப்பிக் கொடுத்தார். சமூகம் என்ற சொல்லை அவர்கள் சாதி என்று படித்திருந்தார்கள், நம் ஊரிலும் அப்படித்தான் படிப்பார்கள். தமிழராகிய எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மொழிபெயர்ப்பைத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது சொற்பிழையைத்தான் பிடிக்கும். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் அகராதியில் ஒத்துப்போகும்போது அது எதையும் காட்டாது. அந்த வாக்கியத்துக்கு வந்த விடைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, பத்துப் பேரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன புரிகிறது என்று கேட்டபின்தான் மறுபடி தொடங்கினோம்.

அடுத்த சுற்றில் ஒரு மூதாட்டியிடம், "நான் ஒரு கனடியர் என்று உணர்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லக் கேட்டேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்த அவர், "அது ஆர் கேக்கினம் எண்டதைப் பொறுத்துத்தான் தம்பி சொல்லுவன்" என்றார். தமிழர் கேட்டால் தம் கிராமத்தின் பெயரைச் சொல்வாராம். வேலை செய்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் கேட்டால் ஸ்ரீலங்கா என்பாராம். அமெரிக்க எல்லையில் அதிகாரி கேட்டால் கனடா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் இந்தியா எண்டபடியால் உங்களுக்கு யாழ்ப்பாணம் எண்டு சொல்லுறன்" என்றார். அவர் ஏமாற்றவில்லை, குழம்பவும் இல்லை. நான்கு விடைகளும் உண்மை. என் அளவுகோலில்தான் அவற்றுக்கு இடமில்லை. அன்றுமுதல் என் எல்லா ஆய்வுகளிலும், கேள்வி கேட்பவர் யாராகத் தோன்றுகிறார் என்பதைத் தனியாகப் பதிவுசெய்கிறேன்.

ஒரு முழு ஆய்வுவாழ்க்கை இதன் வழியே எப்படி அமையலாம் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் முன்மாதிரி அமெரிக்கச் சமூக உளவியலாளர் கே டோ. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1967-ல் முனைவர் பட்டம் பெற்ற அவர், முதலில் பெயர் பெற்றது பால் வேறுபாடு பற்றிய ஆய்வுகளில். ஒருவர் பெண் என்பதனாலேயே அவருடைய வெற்றிக்குப் பிறர் எப்படி வேறு காரணம் கற்பிக்கிறார்கள் என்பன போன்ற கேள்விகள் அவருடையவை. 1987-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பட்ட மேற்படிப்பு மையத்துக்கு வந்தார். குடியேற்றத்தில் தேச வாரியான ஒதுக்கீட்டை நீக்கிய 1965-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்குப் பின் அந்த நகரமே மாறியிருந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் பால் குறித்துச் சேர்த்துவைத்த கேள்விகளை அவர் குடியேறியோரை நோக்கித் திருப்பினார். 2006-ல் வெளிவந்த அவருடைய நூல், நாட்டின் சட்டமும் பொதுமக்களின் மனப்பாங்கும் ஒரு முனையிலும், தனிமனிதரின் தன்னுணர்வு மறுமுனையிலும், இரண்டுக்கும் இடையில் அன்றாடப் பழக்கமும் என்று மூன்று தளங்களில் பொருளை வைத்துப் பேசுகிறது. தொடக்கத்திலேயே குடியேற்றத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையே என்று கவலைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையில் உறுதியான ஒரு கேள்வி இருந்தால் பொருள் பின்னால் வந்து சேரும்.

டோவும் அவருடைய குழுவினரும் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிரிவினருக்கு இது வராது என்று உலகம் நினைப்பதை அப்பிரிவைச் சேர்ந்தவர் அறிந்திருந்தால், அந்த அறிவே தேர்வில் அவரை இடறச் செய்யலாம் என்று கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995-ல், கறுப்பின அமெரிக்க மாணவர்களை வைத்துக் காட்டியிருந்தார்கள். டோவின் குழுவினர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். தேர்வு திறமையை அளப்பது என்று சொல்லி அந்த அச்சத்தைக் கிளறியபோது, தீவுகளில் பிறந்து வந்த முதல் தலைமுறையினர் நன்றாகவே எழுதினார்கள். அமெரிக்காவில் பிறந்த இரண்டாம் தலைமுறையினர் பின்தங்கினார்கள். இரு தலைமுறையினரும் தம்மைக் கரீபியர் என்று உணர்ந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. பிறர் தம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பேச்சில் தீவின் சாயல் உள்ளவரை வெளியார் கரீபியர் என்று இனங்காண்கிறார்கள். அந்தச் சாயல் மறைந்ததும் கடைக்காரருக்கும் ஆசிரியருக்கும் அவர் கறுப்பின அமெரிக்கர் மட்டுமே. அந்தப் பெயரோடு அமெரிக்கச் சமூகம் சேர்த்துவைத்திருக்கும் இழிவெண்ணங்களும் சேர்ந்தே வருகின்றன. நன்றாகக் கலந்துவிட்டவரே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார் என்பது, குடியேறியவர் கலந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் அரசியல்வாதிகள் அனைவரும் படிக்க வேண்டிய செய்தி.

இதே உண்மையை உணவுத்தட்டில் காட்டிய ஆய்வும் உண்டு. மாயா கெண்டெல்மன், சப்னா செர்யன், பெனுவா மோனின் ஆகியோர் 2011-ல் வெளியிட்டது அது. ஆய்வில் பங்கேற்க வந்த ஆசிய அமெரிக்கர்கள் சிலரிடம், இதில் பங்கேற்க அமெரிக்கராக இருக்க வேண்டும் என்று போகிற போக்கில் சொன்னார்கள். பிறகு சாப்பிட என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட, பர்கர் போன்ற அமெரிக்க உணவுகளையே நாடினார்கள், அவர்கள் தட்டில் சராசரியாக 182 கலோரி கூடுதலாக இருந்தது. நீ இந்த நாட்டவன்தானா என்று ஐயுற்ற ஒரு வாக்கியத்துக்கு உடம்பு கொடுத்த விலை அது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உளவியல் ஆய்வுகள் நூற்றை மறுபடி செய்துபார்த்த கூட்டுமுயற்சியின் முடிவுகள் 2015-ல் வெளிவந்தபோது, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவைதான் மறுமுறையும் தெளிவான விளைவைக் காட்டின. ஸ்டீல் கண்ட விளைவின் அளவு குறித்தும் விவாதம் நடக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், பெரிய மாதிரிகளில் மீண்டும் சோதிக்க வேண்டிய நல்ல கேள்விகளாகக் கொள்ளுங்கள். எதிர்பார்ப்பைத் தரவு திரட்டும் முன்பே பதிவுசெய்வது இன்று நல்ல ஆய்வாளரின் வழக்கமாகிவிட்டது, அந்தப் பழக்கத்தை முதல் ஆய்விலேயே தொடங்கிவிடுங்கள்.

இனி வழியைப் பற்றி. அமெரிக்காவில் முதுகலையும் சேர்த்து முனைவர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். நல்ல துறைகளில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்தே கிடைக்கும், அவை இல்லாத இடத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். கனடாவில் பெரும்பாலும் இரண்டாண்டு முதுகலைக்குப் பின் நான்கு ஆண்டுகள். நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் சம்பளம் பெறும் பணியாளராகவே நியமிக்கப்படுகிறார், நான்காண்டு ஒப்பந்தம். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கல் வெர்குயிட்டன் வளர்த்தெடுத்த ஆய்வுமையம், துருக்கி, மொராக்கோ வம்சாவளியினரைப் பற்றி மட்டுமன்றி டச்சுப் பெரும்பான்மையினரின் சகிப்புத்தன்மையைப் பற்றியும் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரின் அண்மைக்காலக் கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். பட்டத்துக்குப் பின் ஓரிரு தற்காலிகப் பணிகள், அதன்பின் உதவிப் பேராசிரியர் பதவி, அதிலும் ஆறாண்டுகள் கழித்தே நிரந்தரம் என்பது பொதுவான போக்கு. இடங்கள் குறைவு, விண்ணப்பிப்போர் மிகுதி. இருபத்திரண்டு வயதில் தொடங்குபவர் முப்பத்தைந்துக்கு முன் ஓரிடத்தில் ஊன்றி நிற்பது அரிது என்பதை வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

புள்ளியியலில் தயக்கம் இருந்தால் இப்போதே போக்கிக்கொள்ளுங்கள். ஒரே அளவுகோல் இரண்டு குழுக்களில் ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்று சோதிக்கத் தெரியாதவர் குழுக்களை ஒப்பிடும் தகுதியைப் பெறவில்லை. அதே அளவுக்கு நேர்காணலும் பழக வேண்டும். அந்த மூதாட்டியின் விடையை எந்தக் கணக்கும் எனக்குக் கொடுத்திருக்காது. ஆய்வு அறத்தில் இத்துறைக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஏதிலி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருக்கும் ஒருவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அதை அரசாங்கத் தாள் என்றே அவர் நினைப்பார், அஞ்சியே ஒப்புக்கொள்வார். வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி பெறுவதும், பெயரையே எழுதாமல் விடுவதும் அங்கே அடிப்படைக் கடமைகள்.

வெளிநாடு சென்றே தீர வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பயிற்சிக்காகப் போகலாம், போக முடிந்தால் நல்லது. பொருளுக்காகப் போக வேண்டியதில்லை. பெர்ரியே துர்கானந்த் சின்கா, ஆர். சி. மிஸ்ரா ஆகியோரோடு சேர்ந்து பீகாரின் ஆதிவாசிகளிடையே செய்த ஆய்வு 1996-ல் நூலாக வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் 50,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அரசு 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. அங்கே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம்மைப் போலவே பேசும் பிள்ளைகள் குடியுரிமை இல்லாமல் வளர்கிறார்கள். மொழியும் முகமும் ஒன்றாக இருந்தும் ஒருவர் வெளியாராகவே இருப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகில் இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. உள்ளே செல்ல அரசின் அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும், பொறுத்திருங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னும் அருகில் திருப்பூர் இருக்கிறது. நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்களை எல்லை கடந்தவர்களோடு ஒன்றாகப் பார்க்க முடியாது, அவர்களுக்குச் சட்டப்படியான உரிமைகள் உண்டு. ஆனால் உளவியல் கேள்வி ஒன்றுதான். தர்பங்காவிலிருந்து வந்தவர் ஊரில் மைதிலி பேசுபவராக, இன்ன சாதியினராக, இன்ன கிராமத்தாராக இருந்தார். கஞ்சாமிலிருந்து வந்தவர் ஒடியா பேசுபவர். இருவரும் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் வடக்கன் என்ற ஒரே பெயருக்குள் அடைபடுகிறார்கள். மும்பையிலும் தில்லியிலும் தமிழரும் மலையாளியும் கன்னடரும் மதராசி என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டதை நம் பெரியவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது தொழிலாளர்கள் பலர் அஞ்சி ரயில் ஏறினார்கள். காணொலிகள் பொய்யானவை, ஆனால் அவற்றை நம்பும் அளவுக்கு அவர்கள் மனத்தில் என்ன இருந்தது, இங்கே அன்றாடம் எதைக் கேட்டிருந்தார்கள் என்பதை ஆராய வேண்டாமா?

முதல் ஆய்வாக நான் பரிந்துரைப்பது இதுதான். ஒரே பின்னலாடை நிறுவனத்தில் இரண்டு கேள்வித்தாள்கள். ஒன்று இந்தியிலும் ஒடியாவிலும், வந்தவர்களுக்கு: இங்கே உங்களை என்ன பெயரால் அழைக்கிறார்கள், அப்படி அழைக்கும்போது நீங்கள் யாராக உணர்கிறீர்கள், அதே கேள்வியை உங்கள் ஊர்க்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள். மற்றொன்று தமிழில், அவர்களுக்குப் பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவருக்கும்: அவர்களை என்ன பெயரால் அழைக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேரின் ஊர்ப்பெயர் உங்களுக்குத் தெரியும். முதல் தாளை நீங்களே கொடுக்காமல் இந்தியும் ஒடியாவும் பேசும் துணை ஆய்வாளர்களை அமர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாவதை நீங்களே கொண்டுபோங்கள், ஏனென்றால் அந்தத் தாளில் உள்ள கேள்விகளுக்கு உங்களிடமும் விடை இருக்கும், அதை முதலில் எழுதிவைத்துவிட்டே களத்துக்குப் போக வேண்டும்.